மலை அசைந்தால் லயம் என்னாகும்?

(மஸ்கெலியாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நிலநடுக்கத்தால் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் வரும் சேதம் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், ஏற்பாட்டாளர் ஒருவர், "சேர், மஸ்கெலியாவில பூமி எப்ப நடுங்கிச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் அப்படி ஒன்று நடந்து லயம் விழுந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இலங்கை முழுவதற்கும் எடுத்துக்கொண்டாலும் பட்டியல் குட்டையானதுதான். 1615 ஏப்ரல் 14ஆம் திகதி கொழும்பில் ஒரு பெரும் அதிர்வு வந்தது, 200 வீடுகள் இடிந்தன, 2,000 பேர் வரை இறந்தார்கள் என்று போர்த்துக்கேயர் காலக் குறிப்பு ஒன்று சொல்கிறது. 1938 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் எழுந்த அதிர்வு நாடெங்கும் உணரப்பட்டது. அதற்கப்புறம் நம் நினைவுக்கு எட்டும் தூரத்தில் இருப்பது 2020. அந்த ஆண்டு ஓகஸ்ட் முதல் டிசம்பர் வரை கண்டிக்குப் பக்கத்தில் திகன, ஹாரகம பகுதிகளில் பூமி பலமுறை முனகியது. ரிக்டர் அளவில் 2ஐ ஒட்டிய சின்ன அதிர்வுகள்தான் அவை. பல்லேகலை நிலையத்தின் கருவியில் பதிவாகின. விக்டோரியா நீர்த்தேக்கத்தின் பாரமா, சுண்ணக்கல் அகழ்வா, நிலத்தடியில் பொந்துகள் சரிந்ததா என்று பத்திரிகைகளில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியக அதிகாரிகள் வீடு வீடாகப் போனார்கள்.

அளவு 2 அதிர்வு நல்ல சுவர் எதையும் பிளக்காது. ஆனாலும் இந்த மாதிரிச் சிறு அதிர்வு எங்கே வந்தாலும், மறுநாள் காலையில் சனங்கள் சுவரைப் பார்த்து, "இந்த வெடிப்பு நேத்து இல்லியே" என்பார்கள். நேற்றும் இருந்திருக்கும், போன வருசமும் இருந்திருக்கும். பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதிர்வு செய்த பெரிய காரியம் வீட்டுக்காரரைச் சுவரைப் பார்க்க வைத்ததுதான். என்னைப் பொறுத்தவரை இன்றைய பேச்சின் விசயமே அதற்குள் இருக்கிறது. நம் மலையில் சேதம் ஒரு நாளில் வருவதில்லை. வருசக்கணக்கில் சுவரிலும் கரையிலும் கானிலும் சேர்ந்துகொண்டே இருக்கிறது. அதைப் பார்த்துச் சரிசெய்யும் உரிமை அந்த வீட்டில் குடியிருப்பவனுக்கு இல்லை. அதிர்வும் அடைமழையும் கடைசியில் வந்து கணக்கை முடித்து வைக்கின்றன.

முதலில் தேயிலைக்கும் நிலநடுக்கத்துக்கும் உள்ள பழைய உறவைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் இதைப் பேசுவோர் குறைவு.

இமயமலை அடிவாரத்தில் காங்க்ரா என்று ஒரு பள்ளத்தாக்கு உண்டு. தர்மசாலா, பாலம்பூர் எல்லாம் அங்கேதான். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை வைப்பதற்கு ஏறக்குறைய 20 வருசம் முன்னாலேயே, 1849இல், தாவரவியல் பூங்காக்களுக்குப் பொறுப்பாயிருந்த ஜேம்சன் என்ற மருத்துவர் அங்கே தேயிலை நட்டார். வெள்ளைக்காரத் துரைமார் வந்தார்கள், பங்களா கட்டினார்கள், ஸ்டோர் கட்டினார்கள். காங்க்ராத் தேயிலைக்கு ஐரோப்பாவில் நல்ல பெயர் வந்தது. 1905 ஏப்ரல் 4ஆம் திகதி, அதிகாலை ஆறு மணி தாண்டி, 7.8 அளவில் பூமி குலுங்கியது. 20,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் கட்டடங்கள் விழுந்தன. ஆடுமாடுகள் மட்டும் 53,000 என்று கணக்கு. வெயிலில் காய வைத்த மண்கல் சுவரும் அதன்மேல் கனத்த பலகைக்கல் கூரையுமாக இருந்த வீடுகள், படுத்திருந்தவர்கள் மேலேயே இறங்கிவிட்டன. தேயிலை ஸ்டோர்கள் தரைமட்டமாகின. துரைமார் பலர் தோட்டங்களை உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

தேயிலைச் செடிக்கு அந்தக் குலுக்கலில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேர் ஆழப் போன புதர் அது. செடி நின்றது, ஸ்டோர் விழுந்தது, திரும்பக் கட்ட முதல் போட வேண்டியவன் போய்விட்டான். இன்றைக்குக் காங்க்ராவில் விளைவது வருசத்துக்கு ஏறத்தாழ பத்து லட்சம் கிலோ. இலங்கையின் விளைச்சல் அதைப்போல் இருநூறு மடங்குக்கும் மேல். ஒரு தொழிலே சுருங்கியதற்கு நிலநடுக்கம் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். சந்தை, ஆள் பற்றாக்குறை, துண்டு துண்டாகிய நிலம் எல்லாம் சேர்ந்துதான். ஆனால் திருப்பம் அந்தக் காலையில் தொடங்கியது.

அசாமில் கதை வேறு மாதிரி போனது. 1897 ஜூன் 12இல் அங்கே வந்த அதிர்வு உலகின் மிகப்பெரியவற்றில் ஒன்று. ஷில்லாங் நகரத்தில் கல்லால் கட்டிய கட்டடம் ஒன்றும் மிஞ்சவில்லை. அதை ஆராய்ந்து எழுதிய ரிச்சர்ட் ஓல்டாமின் அறிக்கையைப் புவியதிர்வு படிப்பவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் வீடு கட்டும் முறையே மாறியது. மரச்சட்டம், இடையில் நாணல் தட்டி, அதன்மேல் பூச்சு, மேலே இலேசான தகரம். "அசாம் வீடு" என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களும் அந்த முறைக்கு மாறின. ஒரு அதிர்விலிருந்து ஒரு சமூகம் பாடம் படித்து அதைச் சுவராக எழுப்பிய நல்ல உதாரணம் அது. மாற்ற முடிந்ததற்குக் காரணம், கட்டியவன் அந்த வீட்டிலேயே படுத்தான்.

இனி நம் லயத்துக்கு வருவோம்.

லயத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம், பாடியிருக்கிறோம், அழுதிருக்கிறோம். ஒரு கட்டடமாக அதைப் பார்த்துப் பேசியது குறைவு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் பிறகு ஒட்டிய குசினி, அப்படியே ஆறு, பன்னிரண்டு, இருபத்துநாலு காம்பராக்கள் நீண்டு போகும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களும் உண்டு. பழைய லயங்களின் சுவர் உடைகல். கல்லுக்கு இடையில் மண், சில இடங்களில் சுண்ணாம்பு. வெளியே பூசி வெள்ளையடித்திருப்பதால் உள்ளே இருப்பது தெரியாது.

இந்த மாதிரிச் சுவருக்கு என்ன நடக்கும் என்று அறிய 1993க்குப் போக வேண்டும். மகாராஷ்டிரத்தில் லாத்தூர் பக்கம் கில்லாரி என்ற கிராமம். செப்டம்பர் 30, அதிகாலை நான்கு மணிக்குச் சற்று முன். முந்தின இரவுதான் பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து படுத்திருந்தார்கள். அளவு 6.2 தான். உலகக் கணக்கில் நடுத்தரம். செத்தவர்களோ சுமார் 10,000 பேர். தக்காணத்துப் பாறை ஆடாது அசையாது என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்த இடம் அது. நம் மலையகத்தின் அடிப்பாறையைப் பற்றியும் பாடப்புத்தகம் அதையேதான் சொல்கிறது.

கில்லாரியில் கொன்றது சுவர். இரண்டு, மூன்று அடித் தடிப்பில் உடைகல் சுவர். தடிப்பைப் பார்த்தால் கோட்டை என்று தோன்றும். உள்ளே அது ஒரு சுவரே இல்லை. வெளிப்பக்கம் ஒரு அடுக்கு, உட்பக்கம் ஒரு அடுக்கு, நடுவில் சல்லியும் மண்ணும். இரண்டு அடுக்கையும் குறுக்கே கோத்துப் பிடிக்கும் நீளக்கல் வைக்கவில்லை. குலுக்கினதும் இரண்டு அடுக்கும் எதிரெதிராகப் பிரிந்தன, நடுவிலிருந்த சல்லி ஆப்பு மாதிரி உள்ளே இறங்கியது, கூரையில் போட்டிருந்த ஒன்றரை, இரண்டு அடி மண் மேலே வந்தது. பிற்பாடு பொறியியலாளர்கள் சொன்ன பரிகாரம் பெரிய செலவில்லாதது. குறுக்கே நீளக்கல் வை, ஜன்னல் தலைக்கு மேலே சுவரைச் சுற்றி ஒரு கொங்கிரீட் வளையம் போடு, மூலைகளைக் கம்பியால் பிடி.

லயத்துச் சுவரின் பூச்சு உதிர்ந்த இடத்தில் நின்று பாருங்கள். குறுக்கே போகும் நீளக்கல் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். மேலே வளையம் கிடையாது. இருபத்துநாலு காம்பராவுக்கு நீளும் கட்டடத்தில் எங்கும் ஒரு இடைவெளி விட்டுக் கட்டவில்லை. ஒரு மூலை இறங்கினால் முழு லயமும் அதோடு இழுபடும். லயத்துக்குச் சாதகமான ஒரே விசயம் தகரக் கூரை. கில்லாரியின் மண் கூரை போல அது ஆளை அமுக்காது. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றில் தகரம் பறக்காமலிருக்க அதன்மேல் கல்லை ஏற்றி வைத்திருக்கிறோமே, அது தனிக் கதை.

இன்னும் முக்கியமானது அத்திவாரம். சரிவில் லயம் கட்ட மேடு வெட்டுவார்கள். மேல்பக்கம் மண்ணை வெட்டி, அந்த மண்ணையே கீழ்ப்பக்கம் கொட்டி மட்டம் பண்ணுவார்கள். ஆக லயத்தின் பின்பாதி வெட்டிய கெட்டி மண்ணில் நிற்கிறது, முன்பாதி கொட்டிய மண்ணில் நிற்கிறது. நூறு வருச மழையில் கொட்டிய மண் அமுங்கிக்கொண்டே போகும். அதனால்தான் பல காம்பராக்களில் தரையின் நடுவே, சுவருக்குச் சமாந்தரமாக, ஒரு கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டில் சீமெந்து பூசுகிறார்கள். அடுத்த மாரிக்குள் திரும்பவும் வாய் திறக்கிறது. அது தரையின் கோளாறு இல்லை, வெட்டும் கொட்டும் சந்திக்கிற எல்லை. பூசிப் பயனில்லை.

வெடிப்பைப் படிக்கத் தெரிந்தால் அது நிறையச் சொல்லும். மாணவர்களுக்காகக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பு, சுவரின் ஒரு பக்கம் இறங்குகிறது என்று அர்த்தம். பின்சுவரில் இடுப்பளவு உயரத்தில் கிடையாக ஓடினால், பின்னாலுள்ள கரையின் மண் சுவரைத் தள்ளுகிறது. இரண்டு சுவர் சேரும் மூலையில் நேர் செங்குத்தாக, மேலே அகன்று கீழே ஒடுங்கி வந்தால், சுவர் வெளிப்பக்கம் சாய்கிறது. இவை எல்லாம் வீட்டின் சேதி. லயத்துக்கு மேலே, தேயிலை மலையில், பிறை வடிவில் தரை பிளந்திருந்தால் அது மலையின் சேதி. அப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, இறங்கிவிட வேண்டும். கம்பம் சாய்வது, நேராக இருந்த தேயிலை நிரை வளைவது, இல்லாத இடத்தில் ஊற்று வருவது, வருசமெல்லாம் தெளிவாய் வந்த பீலித் தண்ணி திடீரென்று கலங்குவது அல்லது நின்றே போவது எல்லாம் அதே வகை. வெடிப்பு வளர்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. கண்ணாடித் துண்டு ஒன்றை வெடிப்பின் குறுக்கே சீமெந்து வைத்து இரண்டு பக்கமும் ஒட்டி, திகதி எழுதி விடுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும்.

தண்ணிக்கு வருகிறேன். நம் மலையில் பூமியை அசைப்பது தண்ணிதான். மண்ணுக்குள் இறங்கிய மழை, கீழே பாறையில் தட்டி நிற்கிறது. நிற்கும் தண்ணி மண்ணைத் தூக்குகிறது, மண்ணுக்கும் பாறைக்கும் இடையிலுள்ள பிடி தளர்கிறது, பிறகு சரிவு தன் பாரத்தாலேயே இறங்குகிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதை வைத்துத்தான் எச்சரிக்கை வகுத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் கவனம், 100 தாண்டினால் தயார் நிலை, 150 தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும். வருசத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை வாங்கும் வட்டவளை நமக்கு அடுத்த வீடு மாதிரி. 1990களின் தொடக்கத்தில் அங்கே புகையிரதப் பாதையோடு சேர்ந்தே மண் நகர்ந்தது. அதை நிறுத்தப் பெரும் மதில் எழுப்பவில்லை. மலைக்குள் துளை போட்டுத் தேங்கிய தண்ணியை வடித்தார்கள்.

தண்ணியை வடிப்பதில் நம் பெரியவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் கான் வெட்டு என்று ஒரு வேலை இருந்தது. இருந்தது என்று இறந்தகாலத்தில் சொல்ல வருத்தமாயிருக்கிறது. சரிவுக்குக் குறுக்கே, சற்றே வாட்டம் கொடுத்து, கான் எடுப்பார்கள். கானுக்குள் சில அடிக்கு ஒரு மண் தடுப்பு. தண்ணி தடுப்பில் நின்று, வண்டலைக் கீழே விட்டுவிட்டு, மேலால் வழிந்து அடுத்ததற்குப் போகும். குறுக்குக் கான்களெல்லாம் கல் பதித்த பெரிய கானில் விழும், அது ஓடையில் போய்ச் சேரும். மாரிக்கு முன் வண்டலை வாரி மேல்கரையில் போட வேண்டும். கீழ்க்கரையில் போட்டால் கங்காணியிடம் வசவு. ஏன் மேலே என்றால் அந்த மண் செடிக்குத் திரும்ப வேண்டும், அதோடு கீழ்க்கரையில் பாரம் ஏறக் கூடாது. இது பேர் போட்டுச் செய்த வேலை. கொழுந்துக்குக் கிடைக்கும் மதிப்பு அதற்குக் கிடைத்ததில்லை. தோட்டங்களில் ஆள் குறைந்து, கிலோக் கணக்கே எல்லாமாகிப் போன பிறகு முதலில் கைவிட்டது இதைத்தான். கான் தூர்ந்தால் விளைச்சல் அந்த வருசமே குறையாது. அதனால் எந்தக் கணக்கிலும் அது நட்டமாக ஏறாது. பத்து வருசம் கழித்து லயத்தின் பின்கரையில் வந்து நிற்கும்.

அதோடு நாமும் சும்மா இருக்கவில்லை. குடும்பம் பெருத்தது, காம்பரா பெருக்கவில்லை. பின்கரையை வெட்டிக் குசினி இறக்கினோம், பக்கத்தில் குளியலறை போட்டோம், அதன் தண்ணியைக் கரையிலேயே விட்டோம். சரிவின் அடியை வெட்டுவது, மேசைக் காலை அறுப்பது போலத்தான். குற்றம் சொல்லவில்லை. பத்துக்குப் பன்னிரண்டில் மூன்று தலைமுறை படுக்க முடியாது.

மீரியபெத்தையை நான் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29, காலை. கொஸ்லந்தைப் பக்கம் லயங்கள் மண்ணுக்குள் போயின. பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் போயிருந்ததால் பிழைத்து, திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. எனக்குத் தாங்க முடியாதது இன்னொன்று. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. சனங்கள் ஏன் போகவில்லை என்று கொழும்பில் கேட்டார்கள். எங்கே போவது? எழும்பிப் போக வேறு ஒரு பேர்ச் காணி இருந்தால்தானே?

ஆறு வருசம் கழித்து, 2020 ஓகஸ்ட் 6 இரவு, கேரளத்தில் மூணாறுக்கு மேலே பெட்டிமுடியில் அதே காட்சி. அங்கேயும் லயம், அங்கேயும் தேயிலை, அங்கேயும் தமிழர். 70 பேர் போனார்கள். தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பக்கம் பூர்வீகம் கொண்ட குடும்பங்கள் பல. மின்சாரமும் தொலைபேசியும் அறுந்திருந்ததால் வெளி உலகத்துக்குச் சேதி போக விடிந்துவிட்டது. நடுவில் ஒரு கடலும் இரண்டு அரசாங்கங்களும் இருக்கின்றன. லயத்தை எங்கே வைப்பது என்று 19ஆம் நூற்றாண்டில் முடிவு பண்ணிய மனம் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று. பங்களா காற்றும் பார்வையும் உள்ள மேட்டில். லயம் ஓடைக்குப் பக்கத்தில், தேயிலைக்கு உதவாத மடிப்பில். தண்ணிக்கு வசதி என்பார்கள். மலை இறங்கி வரும் வழியும் அந்த மடிப்புத்தான்.

கடந்த 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலை இந்த அரங்கில் விவரிக்க எனக்கு அருகதை இல்லை. நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் ஒரே இரவில் எத்தனை சரிவுகள் இறங்கின என்று பார்த்தவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரிய நிலநடுக்கம் ஒன்று ஒரு மலைநாட்டுக்குச் செய்யும் அதே வேலையை மழை செய்தது. பாதை அறுந்தது, பாலம் போனது, ஊர்கள் தனித்தனித் தீவாகின. 2015 ஏப்ரலில் நேபாளத்தில் 7.8 அளவு அதிர்வில் லாங்டாங் கிராமத்தின் மேல் பனியும் பாறையும் சரிந்து மூடியதை நினைத்துப் பாருங்கள். தள்ளிவிடும் கை வேறு, விழுவது ஒன்றுதான்.

நடுவில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், எப்போதும் கேட்கப்படுவது. நம் அணைகளால் பூமி நடுங்குமா? கேட்பவர்கள் மனதில் இருப்பது கொய்னா. மகாராஷ்டிரத்தில் கொய்னா அணை கட்டித் தண்ணி நிரப்பிச் சில வருசங்களில், 1967 டிசம்பரில், 6ஐத் தாண்டிய அதிர்வு வந்து சுமார் 180 பேர் இறந்தார்கள். நீர்த்தேக்கம் அதிர்வைத் தூண்டும் என்பதற்கு உலகம் முழுவதும் காட்டும் உதாரணம் அது. அதற்கு இரண்டு வருசம் கழித்து, 1969இல், மௌசாக்கலை நிரம்பியது. காசல்ரீ அதற்கு முன்பே, 1965இல். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இவற்றின் கரையில் சேதம் விளைவித்த நிலநடுக்கம் எதுவும் வந்ததில்லை. ஆகவே அணையைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மௌசாக்கலை நமக்குச் செய்தது வேறு. பழைய மஸ்கெலியா நகரத்தையே அது விழுங்கியது. வரட்சிக்குத் தண்ணி இறங்கும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் தலைகாட்டுகின்றன, படம் பிடிக்கக் கூட்டம் வருகிறது. நகரம் மேலே சரிவுக்கு ஏறியது, கடைகளும் வீடுகளும் சரிவை வெட்டி நின்றன. அதன் பலனை நாம் மெதுவாக அனுபவிக்கிறோம்.

தண்ணியை நிரப்புவது மட்டுமல்ல, வடிப்பதும் நிலத்தை அசைக்கும். உமா ஓயாத் திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டியபோது 2014 கடைசியிலும் மறுபடி 2017இலும் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, ஆயிரக்கணக்கான வீடுகளில் சுவர் பிளந்தது. சனம் வீதிக்கு இறங்கியது. அங்கே வீட்டுக்காரர்கள் இழப்பீடு கேட்டார்கள். கையில் உறுதி இருந்தவர்கள் கேட்டார்கள் என்று சொல்வது இன்னும் சரி.

இதுதான் நான் இவ்வளவு சுற்றி வந்து சேர நினைத்த இடம். லயம் கம்பனியின் குத்தகை நிலத்தில் இருக்கிறது, நிலம் அரசாங்கத்தினுடையது, குடியிருப்பவன் தொழிலாளி. கூரை ஒழுகினால் துரையிடம் மனு. துரை மேலே எழுத வேண்டும். கரை சரிந்தால் கிராம உத்தியோகத்தர், அங்கிருந்து பிரதேச செயலகம், அங்கிருந்து கட்டட ஆராய்ச்சி நிறுவனம். நிறுவனத்து அதிகாரி வந்து பார்த்து, குடியிருக்க உகந்ததல்ல என்று எழுதிவிட்டுப் போவார். அவர் தன் வேலையைச் செய்தார். கடிதத்தைப் பெற்றவர்களும் கோப்பில் போட்டு அவரவர் வேலையைச் செய்தார்கள். நான் பார்த்த ஒரு லயத்தில் இப்படி வந்த கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார் ஒரு அம்மா. "பத்திரமா இருக்கட்டும் சேர், வீடு குடுக்கிறப்ப கேப்பாங்க" என்றார். அந்தப் படம் மாட்டியிருந்த சுவரில் விரல் நுழையும் வெடிப்பு.

வெடிப்பைப் பார்த்ததும் சொந்த வீட்டுக்காரன் என்ன செய்வான்? கடன் வாங்கியாவது ஒரு தாங்கு சுவர் எழுப்புவான், இல்லையென்றால் விற்றுவிட்டு வேறிடம் போவான். லயத்தில் இரண்டும் முடியாது. தாங்கு சுவர் எழுப்பினால் அது அவனுடையதாகாது. போனால் வேலையோடு வந்த காம்பராவும் போகும். அசாமில் வீட்டின் முறையே மாறியதையும் இங்கே நூறு வருசமாக அதே சுவர் நிற்பதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், பொறியியல் வித்தியாசம் கொஞ்சம்தான் தெரிகிறது.

தனி வீடுகள் வருகின்றன, மறுக்கவில்லை. ஏழு பேர்ச்சஸ் காணியோடு வீடு என்ற ஏற்பாட்டில் இந்திய உதவி வீடுகள் 4,000 கட்டப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 என்று அறிவித்தார். வீடு வேண்டியவர்கள் அதைப்போலப் பல மடங்கு. புதிய வீடுகளின் இடத்தேர்விலும் ஒரு குறை காண்கிறேன். தேயிலை நல்லாயிருக்கும் மட்டமான நிலத்தைக் கம்பனி விடாது. கிடைப்பது மறுபடியும் சரிவு. சரிவை வெட்டி, கொட்டி, அதன்மேல் கொங்கிரீட் வீடு. வெட்டும் கொட்டும் சந்திக்கும் கோடு அங்கேயும் தரைக்குள் இருக்கிறது. கில்லாரியில் 52 கிராமங்களை இடம் மாற்றி, அகலத் தெருவும் சதுரக் கட்டமுமாகக் கட்டிக் கொடுத்தார்கள். வயலுக்குத் தூரம், மாட்டுக்கு இடமில்லை, சொந்தக்காரர் பக்கத்தில் இல்லை என்று பலர் முணுமுணுத்தார்கள். மலைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தை, கோயிலுக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரத்தைக் குடிபோகிறவர்களிடம் கேட்காமல் வரையும் வரைபடம் இங்கேயும் அப்படித்தான் முடியும்.

கடைசியாக ஒரு நடைமுறை விசயம். பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவிடுவதற்குத் தடையாக நெடுங்காலம் கிடந்தது. தோட்டத்துக்காரர் வாக்குப் போடலாம், அவர் லயத்துக் கானுக்குச் சபையின் ஒரு சதம் வராது. 2018இல் அதைத் திருத்தினார்கள். அதே காலத்தில் அம்பகமுவ சபை மூன்றாகப் பிரிந்து மஸ்கெலியாவுக்கென்று தனிச் சபையும் வந்தது. இந்தச் சபையின் வரவு செலவுத் திட்டத்தில் வீதி விளக்கு இருக்கிறது, மைதானம் இருக்கிறது. லயங்களுக்கு மேலேயுள்ள கான்களை வைகாசிக்கு முன் வெட்டித் துப்புரவாக்க ஒரு தொகை போடலாம். அந்த வேலை தெரிந்த கடைசித் தலைமுறை இன்னும் அறுபது, எழுபது வயதில் நம்மோடு இருக்கிறது. அவர்களுக்கு நாட்சம்பளம் கொடுத்து இளைஞர்களோடு மலைக்கு அனுப்பினால், கானும் திறக்கும், எந்தக் கணக்கில் எந்த லயத்தின் பின்கரை வெடித்திருக்கிறது என்ற பட்டியலும் கைக்கு வரும். பாடசாலைக்கு ஒரு மழைமானி வைத்துக்கொள்ளலாம். அளவிட ஒரு போத்தலும் அடிமட்டமும் போதும். தினம் காலை எழுதிவைத்தால் 75ஐ எப்போது தாண்டியது என்று கொழும்பிலிருந்து சேதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சபை உறுப்பினர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். எந்தெந்தத் தோட்டத்தில் தொடங்கலாம் என்று ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன், தேநீர் நேரத்தில் பேசுவோம்.